சேலத்தில் பி.காம். முடித்துவிட்டேன். கிராபிக் டிசைன் வேலைக்குப் போக இப்போது என்ன திட்டம் போட வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: ஃபோட்டோஷாப் ஓரளவு தெரியும், கல்லூரி விழா போஸ்டர்கள் செய்திருக்கிறீர்கள், வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். கோர்ஸில் சேர்வதா, நேராக பெங்களூரு போய் வேலை தேடுவதா என்பது குழப்பம். நானும் சேலத்தில்தான் படித்தேன். பிரஸ்ஸில் ஆரம்பித்து, இப்போது பேக்கேஜிங் டிசைன் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் வருடம் சேலத்தை விட்டுப் போகாதீர்கள். ஒரு நல்ல ஆப்செட் பிரஸ்ஸிலோ, பவுச், லேபிள் அடிக்கும் இடத்திலோ டிசைனராகச் சேருங்கள். பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர்தான், எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பிரஸ்ஸில் கற்றுக்கொள்வதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அங்கே என்ன கற்பீர்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஜவ்வரிசி பாக்கெட்டுக்கு டிசைன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கரும்பச்சைப் பின்னணி, அதன்மேல் வெள்ளையில் சின்ன எழுத்தில் சமையல் குறிப்பு. திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சானதும் பார்த்தால் மை கொஞ்சம் பரவி, வ் என்ற எழுத்தின் மேலிருக்கும் புள்ளி அடைத்துப்போய், 'ஜவவரிசி' என்று நிற்கும். சின்ன எழுத்தைப் பல நிறம் கலந்த பின்னணியில் வெள்ளையாக விடக் கூடாது. விட்டே ஆக வேண்டுமென்றால் தடித்த எழுத்துரு எடுத்து அளவைக் கூட்ட வேண்டும். கருப்பு எழுத்து என்றால் கருப்பு மையில் மட்டும் வர வேண்டும். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மையும் கலந்தால் பிளேட் (அச்சுத் தகடு) ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். இதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று, முதல் தாளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கும்போதுதான் மனதில் ஏறும். மெஷின்மேன் அண்ணனிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு நிறம் பற்றி நமக்குத் தெரியாது.

அப்புறம் தமிழ். இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஆங்கிலத்தில் அழகாக டிசைன் செய்பவர்கள் ஏராளம். தமிழ் எழுத்தைப் பிழையில்லாமல், பார்க்க லட்சணமாக அடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஃபோட்டோஷாப்பில் 'கொலுசு' என்று தட்டிப் பாருங்கள். அமைப்பு சரியாக இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இது தெரியாமல் பல இடங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையே ஓட்டுகிறார்கள். அந்த எழுத்தை அப்படியே வெப்சைட்டுக்கு எடுத்துப் போனால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பிரஸ்ஸில் பழைய ஃபைல்கள் வருவதால் பாமினியும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வேலை முழுக்க யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துக் குறியீட்டில், இருக்கட்டும். தட்டச்சுக்குத் தமிழ்99 போதும். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது, சீக்கிரம் கை பழகிவிடும். முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, அனேக் தமிழ் எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றை மறக்காதீர்கள்: தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று எழுத்து இரண்டு பக்கமும் நீளும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் வரிகள் முட்டிக்கொள்ளும்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் டிசைன் தொகுப்புக்கு, வருவோம். காபி கப்பின் மேல் கற்பனை லோகோ ஒட்டிய படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. உங்களுக்கு வெளியே இறங்கினால் பொருள் கிடைக்கும் ஊர் இது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு ஒரு பெட்டி செய்யுங்கள். இளம்பிள்ளைச் சேலைக்கு ஒரு டேக்கும் பையும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் மளிகைக் கடையில் அது பெரும்பாலும் அடையாளமே இல்லாமல்தான் கிடக்கிறது. அதற்கு ஒரு முகம் கொடுங்கள். ஏற்காடு காபி, மிளகு இரண்டையும் ஒரே குடும்பமாகத் தெரிகிற மாதிரி ஒரு வரிசை செய்யலாம். அந்த மலைக்குக் காபி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில். இருநூறு வருடக் கதை இருக்கும்போது பாக்கெட்டில் வெறும் மலைப்படம் போட வேண்டியதில்லை. மேலே போய்த் தோட்டத்தைப் பாருங்கள், பழுத்த காபிப் பழத்தின் சிவப்பையும், சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியையும் ஃபோட்டோ எடுங்கள். நிறத்தை அங்கிருந்தே எடுங்கள்.

செய்யும்போது நிஜமாக அச்சுக்குப் போகிற மாதிரி செய்யுங்கள். சைவ உணவுப் பொருள் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்க வேண்டும். வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் (நிறத்தை நீட்டி விடும் ஓரம்), மடிப்புக் கோடு, சீல் ஆகும் இடம் எல்லாம் ஃபைலில் தெரிய வேண்டும். பவுச்சை கிராவ்யூர் என்ற சிலிண்டர் அச்சு முறையில் அடித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், அதனால் நிறம் கூடக் கூடச் செலவு ஏறும். வீட்டில் தயாரித்து விற்கும் ஒரு அக்காவுக்கு ஆறு நிறப் பவுச் டிசைன் செய்து கொடுத்துப் பயனில்லை. சாதாரண பவுச்சும் அதன்மேல் ஒட்ட ஒரு நல்ல ஸ்டிக்கரும்தான் அவருக்குச் சரி. இப்படி யோசித்தது போர்ட்ஃபோலியோவில் தெரிந்தால் இன்டர்வியூவில் உங்களிடம் பேசும் விதமே மாறும். எண்ணிக்கை முக்கியமில்லை. நான்கைந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏன் இப்படிச் செய்தேன் என்று சில வரிகள், அவ்வளவு போதும்.

கோர்ஸ்? மாதக்கணக்கில் மென்பொருள் சொல்லிக் கொடுத்துப் பெரிய தொகை வாங்கும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பட்டன் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கற்கலாம். மென்பொருளுக்குப் பணம் இல்லையென்றால் இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் இலவசம். உள்ளூர் பிரஸ்களில் கோரல் டிரா கேட்பார்கள், அதையும் தெரிந்து வைத்திருங்கள். முறையாகப் படிக்க ஆசை என்றால் எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது. எந்தப் பாடத்திலும் மூன்று வருடப் பட்டம் இருந்தால் எழுதலாம், அதனால் பி.காம். தடையில்லை. தாளில் கையால் வரைய வேண்டிய பகுதியும் உண்டு, ஆகவே தினமும் பென்சில் எடுங்கள். வழக்கமாக ஜனவரியில் தேர்வு வரும். பகலில் பிரஸ், இரவில் அதற்குத் தயாராவது என்று ஒரு வருடத்தை வைத்துக்கொண்டால் வீட்டிலும் சம்மதம் வாங்குவது எளிது.

ஆப், வெப்சைட் டிசைன்தான் பிடிக்கிறது என்றால் பாதை வேறு: திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டு பெங்களூரு பக்கம்தான் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்னது அச்சு, பிராண்டிங், பேக்கேஜிங் பக்கம் போகிறவர்களுக்கு.

வெளி வேலை எடுக்கும்போது, "தம்பி, சும்மா ஒரு லோகோ போட்டுக் கொடு" என்று தெரிந்தவர்களே கேட்பார்கள். அன்பாகவே பதில் சொல்லுங்கள், ஆனால் தொகை, எத்தனை தடவை திருத்தம், எந்த ஃபைல் தருவீர்கள் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, பாதி அட்வான்ஸ் வந்த பிறகு கணினியைத் திறங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் புரூஃபில் (சரிபார்க்கும் மாதிரிப் படியில்) 'சரி' என்று அவர்கள் கையால் எழுதி வாங்குங்கள், குறிப்பாக விலை, ஃபோன் நம்பர், முகவரி மூன்றுக்கும்.