வாசகர் கேள்வி – பதில்: நெருக்கடி நேரத்தில் செய்தியாளர்களைச் சந்திப்பவர்

கேள்வி: நான் ஒரு ரசாயன ஆலையின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றுகிறேன். விபத்து ஏதேனும் நேர்ந்தால் செய்தியாளர்களிடம் பேசுவதற்கு ஒருவரை இப்போதே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்குமாறு மேலிடம் கூறியுள்ளது. சரளமாகப் பேசும் மக்கள் தொடர்பு அலுவலரைத் தேர்வதா, அதிகம் பேசாத ஆலை மேலாளரைத் தேர்வதா? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆலைக்குள் நடப்பதை நேரடியாகக் கேட்டறியும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவரையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது மேலாளராகத்தான் இருக்கும். பேச்சுத் திறனைப் பயிற்சியால் வளர்த்துவிடலாம். விவரம் அறியாதவருக்கு எந்தப் பயிற்சியும் கைகொடுக்காது.

1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. நிறுவனம் அளித்த தகவலை நம்பி எல்லாம் கட்டுக்குள் இருப்பதாகக் காலையில் அறிவித்த மாநிலத் துணை ஆளுநர் வில்லியம் ஸ்க்ரான்டன், நிறுவனம் முதலில் சொன்னதைவிட நிலைமை சிக்கலானது என்று அன்று பிற்பகலே திருத்திக் கூற நேர்ந்தது. மார்ச் 30 அன்று நிறுவனத்தின் துணைத் தலைவர், தாங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் செய்தியாளர்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டார். கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் ஐந்து மைல் சுற்றளவை விட்டு வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் அறிவுறுத்தியதும் அதே நாளில்தான். பதற்றம் உச்சத்தை எட்டிய அந்த நாளில், அதிபர் கார்ட்டர் அனுப்பிய ஹரால்ட் டென்டன் வந்து சேர்ந்தார். அவர் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் மூத்த அதிகாரி, தொழிலால் பொறியாளர். உலையின் நிலை குறித்துப் பேசும் பொறுப்பு அவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே முரண்பட்ட அறிவிப்புகள் குறைந்தன. இந்த விபத்தை விசாரித்த கெமெனி ஆணையம், மக்களின் உடல்நலத்தில் அது ஏற்படுத்திய முதன்மையான பாதிப்பு மன உளைச்சலே என்று பதிவு செய்தது. பொறுப்பில்லாத பேச்சும் மக்களைத் துன்புறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆகவே பயிற்சியின் முதல் பாதியை ஆலைக்குள்ளேயே நடத்துங்கள். இரவு இரண்டு மணிக்கு விபத்து நேர்ந்தால் ஷிப்ட் பொறியாளர் யாருக்குத் தொலைபேசியில் சொல்வார், காயமடைந்தோர் எண்ணிக்கையை யார் உறுதி செய்வார், மாவட்ட நிர்வாகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொன்ன விவரமே செய்தியாளர்களுக்கும் போகிறதா என்பதை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒத்திகை நடத்தி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் தொடர்பு அலுவலருக்கும் இதில் பெரிய வேலை இருக்கிறது. எந்த நேரத்தில் என்ன சொல்லப்பட்டது என்று குறித்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் பரவும் வதந்திகளை உடனுக்குடன் மேலாளரின் கவனத்துக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு.

கேள்வி: விசாரணை முடியும் வரை கருத்துக் கூற இயலாது என்று மட்டும் சொல்லும்படி எங்கள் வழக்கறிஞர் வற்புறுத்துகிறார். அது சரிதானா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: விபத்தின் காரணம், யார் மீது தவறு என்ற இரண்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. விசாரணைக்கு முன் அவற்றைப் பற்றி ஊகித்துப் பேசக் கூடாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சன்னல்களை மூட வேண்டுமா, கிணற்று நீரைக் குடிக்கலாமா, உறவினர்கள் எந்த எண்ணில் விசாரிக்கலாம் என்பவற்றை மறைக்க எந்தச் சட்டக் காரணமும் இல்லை. அதே அளவு ஆபத்தானது, உறுதி செய்யாமல் ஆறுதல் சொல்வது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு ஏதும் இல்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியது. அடுத்த சில நாட்களில் மீனவர்களும் தன்னார்வலர்களும் கரையோரப் பாறைகளுக்கிடையே இறங்கி வாளிகளில் எண்ணெய்க் கசடை அள்ளியதை நாடே பார்த்தது. 'கசிவு உள்ளதா என்று கடலோரக் காவல் படையுடன் சேர்ந்து பார்த்துவருகிறோம், மாலை நான்கு மணிக்கு மீண்டும் தெரிவிப்போம்' என்று சொல்லியிருந்தால் அறிக்கையின் நம்பகத்தன்மை காப்பாற்றப்பட்டிருக்கும். அப்படி ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், புதிய செய்தி இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும்.

கேள்வி: ஒத்திகையில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாள் கணக்கில் திரும்பத் திரும்பப் பேசிக் களைத்துப் போன நிலையிலும் தடுமாறாமல் பேசுவதற்கு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் 11 தொழிலாளர்கள் இறந்தனர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பிறகு, மே 30 அன்று, அந்த எண்ணெய்க் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட் செய்தியாளர்களிடம் பேசும்போது, பாதிக்கப்பட்டவர்களிடம் முதலில் வருத்தம் தெரிவித்தார். அடுத்த மூச்சிலேயே, தமக்குத் தம் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்றார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டுமே. அதற்காகப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அதே ஆண்டு பதவியிலிருந்து விலகினார்.

எனவே ஒத்திகையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். பேசுபவரைப் பல சுற்றுகள் உட்கார வைத்து, 'ஐந்து பேர் இறந்ததை மறைக்கிறீர்களாமே?' என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். 'நாங்கள் எதையும் மறைக்கவில்லை' என்று அவர் பதில் சொன்னால் நிறுத்திவிடுங்கள். 'மறைக்க' என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடப்போகும் 'பைட்' என்ற சிறு பேச்சுத் துணுக்கும் அதுதான். 'இருவர் இறந்திருப்பதை மருத்துவமனை உறுதி செய்துள்ளது. நான்கு பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் சொன்ன பிறகே பெயர்களை வெளியிடுவோம்' என்று சொல்லும் வரை பழக்குங்கள். பேட்டி முடிந்ததாகக் கூறி ஒலிவாங்கியைக் கழற்றியபின் ஒருவர் பேச்சுக் கொடுக்கட்டும். கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதைப் பதிவைப் போட்டுக் காட்டினால் அவர் பிறகு மறக்கமாட்டார்.

கேள்வி: அன்றிரவே தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தால் போகலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மீட்புப் பணி நடக்கும்போது கட்சிப் பேச்சாளர்களுடன் அமர்ந்து வாதாடுவது இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பெரும் வேதனை தரும். அந்தத் தொலைக்காட்சிக்கு மற்ற ஊடகங்களுக்குத் தந்த அதே எழுத்துப்பூர்வ அறிக்கையை அனுப்பி, அடுத்த செய்தியாளர் சந்திப்பு எப்போது, எங்கே என்பதைத் தெரிவித்துவிடுங்கள்.