டிரமடால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

"மூன்று மாதமாக டிரமடால் போடுகிறேன், வலி போய்விட்டது, நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தலாம், ஆனால் நாளைக்கே முழுசாக வேண்டாம். வலிதான் இல்லையே, இனி எதற்கு மாத்திரை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு முதுகில் டிஸ்க் அறுவை சிகிச்சை. அப்புறம் நான்கு மாதம், 50 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியோடு நிறுத்தினேன். மறுநாள் மத்தியானம் கொட்டாவி ஆரம்பித்தது, தூக்கம் வராமலே ஒன்றன்பின் ஒன்றாக, தாடை வலிக்கிற அளவுக்கு. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சளி பிடிக்கிறது என்று ஆவி பிடித்தேன். ராத்திரி படுத்தால் கால் இரண்டையும் உதறிக்கொண்டே இருக்கவேண்டும் போல ஒரு குடைச்சல், எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பவும் வரும். விடியும்வரை சுவரைப் பிடித்தபடி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுப்போக்கு, கை முழுக்கப் புல்லரிப்பு, வியர்க்கும்போதே குளிர். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி வேறு. டிரமடால் ஓபியாய்டு வேலையோடு, அதாவது அபின் வகை வலி மருந்துகள் செய்கிற வேலையோடு, மூளையில் இருக்கிற செரோடோனின், நார்அட்ரினலின் என்கிற ரசாயனங்களையும் தொடுகிற மருந்து, அதனால் சிலருக்கு மனச்சோர்வு மருந்தை நிறுத்தும்போது வருகிற தொல்லைகளும் கூடவே வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

"போதைக்கு அடிமையாகிவிட்டாய்" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரைகூட நான் போட்டதில்லை. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, கெடுதல் என்று தெரிந்தும் மனம் அதையே தேடி அலைவது வேறு. மருந்தே கூடாது என்றும் சொல்லவில்லை, முதல் வாரம் அது இல்லாமல் என்னால் புரண்டு படுத்திருக்கவே முடியாது. ஆனால் தையல் எப்போது பிரிப்பது, எப்போது குளிப்பது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தவர்கள் இதை எப்படி நிறுத்துவது என்று ஒரு வரி எழுதவில்லை. திங்கட்கிழமை லீவு கேட்டபோது மேலதிகாரி "சளிக்கெல்லாமா லீவு" என்றார், அது இன்னும் ஆறவில்லை. பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவனை நம்ப ஒரு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது.

அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, எட்டு வாரத்தில் விட்டேன். உங்களுக்கு எவ்வளவு வேகம் சரி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும். சில வாரம் விட்டுவிட்டு வலி வந்ததும் பழைய அளவையே போடாதீர்கள், உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிருக்கும், மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். உங்களுடையது மெதுவாகக் கரைகிற வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பாதியாக உடைத்துக் குறைக்கக் கூடாது, நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.