உடற்பயிற்சி செய்தால் மனம் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? மூளைக்குள் என்ன நடக்கிறது?

எனக்குச் சரியாகியது. ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை, பெட்ரோல் இல்லாததால் நடக்கத் தொடங்கியவன் நான்.

2022 ஜூன் கடைசி, இலங்கையில் தட்டுப்பாடு முற்றி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்த கிழமை. எனக்குக் கொழும்பில் வீடு வெள்ளவத்தையில், வேலை கொள்ளுப்பிட்டியில், கணக்காய்வு. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நாள் பெட்ரோல் வரிசையில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வியர்த்தது, இழுத்த மூச்சு பாதியில் நின்றது. ஹார்ட் அட்டாக்தான் என்று பயந்து, மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் நின்றவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், "தம்பி, ஹார்ட் நல்லா இருக்கு. பயம்தான் கூடிப்போச்சு" என்றார்.

சொன்னால் மனம் கேட்குமா? மணிக்கொரு தரம் நாடி பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன். கரண்ட் இல்லாத நேரம் லிஃப்டும் ஓடாது. படியேறினால் நெஞ்சு அடிக்குமே என்று, கரண்ட் வரும்வரை கீழேயே வாச்சர் ஐயாவின் கதிரையில் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு அந்தக் கிழமை. பைக் ஓடாது, பஸ்ஸில் தொங்கவும் இடமில்லை. மரைன் டிரைவ் வழியாக நடந்தேன். தென்மேல் பருவக்காற்று காலம், ரயில் பாதைக்கு அப்பால் கடல் கற்களில் அடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. பம்பலப்பிட்டி வருமுன்னமே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. நின்றேன். நாடியில் விரலை வைத்தேன். கதவெல்லாம் ஆட்கள் தொங்க ஒரு ரயில் போனது. மூக்குக்கண்ணாடியில் உப்புப் படிந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு நிமிடம் நின்றும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. வேகமாக நடந்தவனுக்கு நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்? கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சத் தூரத்தையும் நடந்தேன்.

மூன்று நான்கு கிழமையில் நாடி பிடிக்கும் பழக்கம் தானாக விட்டுப்போனது. இதற்குக் காரணம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பீதி வரும்போது உடம்பு காட்டும் அடையாளங்களும் உடற்பயிற்சியில் வருபவையும் ஏறக்குறைய ஒன்றே: படபடப்பு, வியர்வை, மூச்சு வாங்கல். அவை ஆபத்தில்லாமல் வந்து போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, மூளை அவற்றை ஆபத்தாக எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பீதிக் கோளாறுக்கான உளவியல் சிகிச்சையில் இதையே வேண்டுமென்றே செய்விக்கிறார்கள்: படியேறச் சொல்வது, சுழல் கதிரையில் வைத்துச் சுற்றுவது.

உடற்பயிற்சியின்போது உடம்பு சுரக்கும் எண்டோர்பின்தான் மனதை இதமாக்குகிறது என்று எல்லோரும் சொல்லும் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இரத்தத்தில் கூடும் எண்டோர்பின் மூளைக்குள் இலகுவில் நுழையாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. 2021இல் ஜெர்மனியில், எண்டோர்பின் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஓடிய பின் அந்த இதமான மனநிலை வந்தது. உடம்பே சுரக்கும், கஞ்சாவின் வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் எண்டோகன்னபினாய்டுகள்தான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். அவை அந்தத் தடுப்பை இலகுவாகத் தாண்டிவிடும்.

நீண்டகால மாற்றத்துக்கு 2011இல் வந்த அமெரிக்க ஆய்வைச் சொல்வார்கள். 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 120 பேர். ஒரு பாதிப் பேர் கிழமைக்கு மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் அளவில் பெருத்தது, கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, நான் விட்ட பிழை. இந்த உற்சாகத்தில், மனச்சோர்வில் கிடந்த சித்தியின் மகனிடம் போய், "எழும்பி நடவடா, எல்லாம் சரியாகும்" என்றேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, பல்லு விளக்க எழும்புறதுக்கே எனக்கு அரை மணித்தியாலம் பிடிக்குது" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டொக்டரிடம் போய், மருந்து எடுத்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனாகவேதான் கடற்கரைக்கு வந்தான். இப்படிக் கிடக்கும் ஒருவருக்கு நடையை மருந்து போல நீட்டாதீர்கள். இலங்கையில் இருந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம்.

எவ்வளவு நேரம் என்றும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில்.

கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு முறையில் பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும் நடையை விட்டேன். வரிசைத் தலையிடி போய்விட்டது, நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்குள் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது, விரலும் மணிக்கட்டுக்குப் போனது. இப்போது காலையில் நடந்து போய், பின்னேரம் பஸ்ஸில் வருகிறேன். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் துவாயும் கட்டாயம். கொழும்புப் புழுக்கத்தில் கொள்ளுப்பிட்டி போய்ச் சேரும்போது போட்டிருக்கும் சட்டையைப் பிழிந்தெடுக்கலாம்.