முதுமையைப் பற்றிய பெண்ணியச் சிந்தனை அழகுக் கவலையோடு முடிந்துவிடுகிறதா?

நரை, சுருக்கம் ஆகியவற்றைப் பற்றிய கவலையைத் தாண்டி, பெண்களின் முதுமை குறித்துப் பெண்ணியம் சொல்வதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு, ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்திலிருந்து பார்க்கும்போது, எதை முதலில் பேச வேண்டும் என்ற வரிசை மாறிவிடுகிறது.

ஆணின் நரையை முதிர்ச்சியாகவும் பெண்ணின் நரையை இழப்பாகவும் எடைபோடும் இரட்டை அளவுகோலைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1972-இல் எழுதினார். அது இங்கும் பொருந்தும். கல்யாண மண்டபத்தில், தலைக்குச் சாயம் பூசாத பெண்ணிடம் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பவர்கள் அருகில் நிற்கும் நரைத்த கணவரிடம் அப்படிக் கேட்பதில்லை.

இருப்பினும், 1970-இல் முதுமையைப் பற்றித் தனி நூலே எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் த பொவார்தான் எங்கள் நிலைமைக்கு நெருக்கமானவர் என்பேன். உழைப்பாளியின் முதுமையும் வசதி படைத்தவரின் முதுமையும் ஒன்றல்ல என்பதை அவர் அழுத்தமாகச் சொன்னார். என் தாயார் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, குத்தகையாளரிடம் நாள் கூலிக்கு உதிரிப்பழம் பொறுக்கினார். அந்த ஆண்டுகளுக்கு அவர் பெயரில் சேமநிதி கட்டப்படவே இல்லை. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது என்பதால், அப்பா ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்தோம். அவருடைய சேமநிதிப் பணத்தில் வாங்கிய மலிவு விலை வீடு அவர் பெயரிலேயே பதிவானது. இருவரும் உழைத்தார்கள், ஒருவருக்குத்தான் சேமிப்பும் சொத்தும் மிஞ்சின.

மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ இல்லத்தரசிகளுக்காக நடத்தும் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா என்பது பெரிய சுமையன்று. ஆனால் பதிந்துகொள்பவர் 55 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும் என்பதால், என் தாயாரின் தலைமுறைக்கு அது எட்டவில்லை.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். இளைய பெண்ணியவாதிகளே முதிய பெண்களைத் தங்களுக்குப் பணிவிடை செய்யும் தாய்களாகவும் பாட்டிகளாகவும் மட்டும் பார்க்கிறார்கள் என்று அமெரிக்கரான பார்பரா மெக்டொனால்ட் 1980-களில் குற்றஞ்சாட்டினார். இதைப் படிக்கும்போது எனக்குச் சற்று உறைக்கத்தான் செய்கிறது, ஏனெனில் நான் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர முடிவதே பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்வதால்தான். பெண் விடுதலை என்று நாங்கள் கொண்டாடும் சம்பளத்தில் பெரும்பங்கு, ஓய்வெடுக்க வேண்டிய இன்னொரு பெண்ணின் முழங்கால்மீது நிற்கிறது. அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள்மீது பாசம் இல்லாமலில்லை. ஆனால் பாசத்தைக் காட்டி உழைப்பை மறைத்துவிடுவது நம் குடும்பங்களுக்கு மிக வசதியாகிவிட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் மாதந்தோறும் அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒரு தொகையைப் போடுகிறோம். அதை எப்படிச் செலவழித்தார் என்று கேட்பதில்லை. பெற்ற தாய்க்குக் கூலி கொடுக்கிறாயா என்று உறவினர் சிலர் ஏசுகிறார்கள். அதே உறவினர்கள், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும்படி எந்தத் தாத்தாவிடமும் கேட்டதில்லை.