ஃபேன் இரைச்சல் குறைய வாட்டர் கூலர் தேவையா?

ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர் போட்ட கணினியில் பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் சீறுகிறது, பம்ப் மூலம் திரவத்தைச் சுற்றவிட்டுப் பிராசஸரைக் குளிர்விக்கும் வாட்டர் கூலருக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். செலவு ஒருபக்கம், பம்ப் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சிப்பின் வெப்பம் நொடிப் பொழுதில் எகிறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்துவதுதான் உங்கள் காதில் விழுகிறது. சீரான சத்தம் பழகிவிடும், ஏறி இறங்குவதுதான் எரிச்சல். பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) ஃபேன் கர்வை, அதாவது எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்ற கோட்டை, 70 டிகிரி வரை 40 சதவீதத்தில் தட்டையாக வையுங்கள். 85-ல் 75 சதவீதம் போதும். அங்கேயே ஃபேன் வேகம் ஏறுவதைத் தாமதப்படுத்தும் 'ஸ்டெப் அப் டைம்' போன்ற ஓர் அமைப்பு இருக்கும் (போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்). அதற்கு 3 முதல் 5 நொடி கொடுங்கள். ஃபேன் இணைப்பான் 3 பின் என்றால் டிசி மோடுக்கு (மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) மாற்றுங்கள். 4 பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் மோடில் விட்டால் முழு வேகத்திலேயே சுற்றும்.

அடுத்து, பிராசஸரின் மின்சாரத்தைக் குறைக்கும் 65 வாட் ஈகோ மோடைப் போடுங்கள். பெயரில் 65 என்றாலும், மின் உச்சவரம்பு 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கும். கேமில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, வீடியோ ரெண்டரிங்கில் கொஞ்சம் தெரியும்.

இதற்குப் பிறகும் சூடு என்றால் கேபினெட்டைச் சந்தேகப்படுங்கள். பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே கேமை அரைமணி நேரம் ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் உள்ளே காற்று போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட்டுகளில் இது சகஜம். மெஷ் (வலை) முகப்புள்ளதற்கு மாறி, முன்னால் இரண்டு 140 மிமீ ஃபேன், பின்னால் ஒன்று, நிமிடத்துக்கு 800 சுற்றுக்குள் ஓடவிடுங்கள். மாட்டும்போது கவனம்: ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.