மெயிலில் வரும் தூண்டில்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

ஹட்டனில் சின்னதாக ஒரு கம்பியூட்டர் கடை நடத்துகிறேன். ரிப்பேருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டி, "இந்த மெயில் உண்மையா என்று பாருங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். சரி, கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

மஸ்கெலியா: அப்பா தோட்டத்தில் 30 வருடம் வேலை செய்து போன மாதம்தான் நின்றார். "உங்கள் ஈபிஎஃப் பணம் தயார், 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யுங்கள்" என்று என் ஜிமெயிலுக்கு வந்திருக்கிறது. கார்ட் நம்பர் கேட்கிறது. போடலாமா அண்ணா?

போடாதீங்க தங்கச்சி. அப்பாவின் பணத்துக்கு உங்கள் மெயிலுக்கு ஏன் வருகிறது? ஒரே மெயிலை ஆயிரக்கணக்கான பேருக்கு வீசியிருப்பார்கள். யாராவது ஒரு வீட்டில் அப்பாவோ அம்மாவோ இப்போதுதான் வேலையிலிருந்து நின்றிருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்கு விண்ணப்பிப்பது தொழில் திணைக்கள அலுவலகம் வழியாக. பணம் இருப்பது மத்திய வங்கியின் பொறுப்பில். உங்களுக்குப் பணம் போட வங்கிக் கணக்கு இலக்கம் போதும். கார்ட்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம் உங்களிடமிருந்து எடுப்பதற்குத்தான். அப்புறம் அந்த 24 மணி நேரம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நிதி, நாளைக் காலையில் ஓடிவிடாது. அப்பாவின் சேவைக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் நேரே கேளுங்கள். மெயில் காட்டிய வழியை விட்டுவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த வழியால் போவது. எல்லாக் கேள்விக்கும் என் பதிலில் பாதி இதுதான்.

பதுளை: ஏ.எல். படிக்கிறேன் சேர். லிங்க்கைப் பார்த்து உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) வரும் கடிதத்தை நினைத்துப்பாருங்கள். உறையின் மேல் வரியில் "7ஆம் லயம்" என்று யாரும் எழுதலாம். கடிதம் எந்தப் பக்கம் போகிறது என்பதை முடிவுசெய்வது கடைசியில் உள்ள ஊர். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கி, வலமிருந்து இடமாக வாசியுங்கள். "உங்கள்வங்கி.எல்கே.சரிபார்ப்பு.காம்/நுழைவு" என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் "சரிபார்ப்பு.காம்". முன்னால் நிற்கும் வங்கியின் பெயர் வெறும் அலங்காரம். ஜிஓவி.எல்கே என்று முடியும் பெயர் அரசாங்க நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் அந்தச் சொல் நடுவில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. போனில் லிங்க்கைத் தொட்டுவிடாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள்: ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்தால் சின்னத் திரையில் எம் போலவே இருக்கும்.

கொட்டகலை: இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று வகுப்பில் சொன்னார்களே?

பழைய பாடம். பூட்டு சொல்வதெல்லாம் நடுவழியில் வேறு யாரும் வாசிக்க முடியாது என்பது. அந்தப் பக்கம் இருப்பது கள்ளனாக இருந்தால் கள்ளனோடு இரகசியமாகப் பேசுகிறீர்கள். இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் படத்தையே மாற்றியது.

எல்ல: நான்கு அறை உள்ள ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். புக்கிங் தளத்திலிருந்து "விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், உடனே பதில் எழுதுங்கள்" என்று மெயில் வந்தது. திறந்தால் "நான் ரோபோ அல்ல" என்று காட்டி, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி ஏதோ பேஸ்ட் பண்ணச் சொன்னது. மகன் செய்துவிட்டான். பாஸ்வேர்ட் ஒன்றும் கொடுக்கவில்லையே, பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது அக்கா. முதலில் அந்தக் கம்பியூட்டரின் வைஃபையை நிறுத்துங்கள், மீதியை அப்புறம் வாசிக்கலாம். அந்தப் பக்கத்தைத் தொட்டபோதே ஒரு கட்டளை சத்தமில்லாமல் கொப்பியாகிவிட்டது. மகன் அழுத்தித் திறந்தது "ரன்" பெட்டி, கம்பியூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் இடம். அதில் பேஸ்ட் பண்ணி என்டர் தட்டியதும் திருட்டு மென்பொருளைத் தன் கையாலேயே இறக்கிவிட்டார். பையனைத் திட்டாதீங்க. புக்கிங்.காம் பெயரைப் போட்டு ஹோட்டல்காரர்களுக்கு இதே தந்திரம் வருவதை மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் விவரமாக எழுதியது. தெற்காசியாவும் அதில் இருக்கிறது. உண்மையான ரோபோ சோதனை படத்தைத் தொடச் சொல்லும், எழுத்தைத் தட்டச் சொல்லும். கீபோர்டில் கட்டளை ஓட்டச் சொல்லவே சொல்லாது.

இந்த மென்பொருள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களையும், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் நிலையையும் சேர்த்து அள்ளும். அதனால் ஓடிபி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வேறொரு போனிலிருந்து மெயில், புக்கிங், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கொடுங்கள். கம்பியூட்டருக்கு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. அறை பதிவுசெய்திருக்கும் ஆட்களுக்கும் இன்றே ஒரு வார்த்தை எழுதுங்கள், உங்கள் பெயரில் "கார்ட்டைத் திரும்ப உறுதிசெய்யுங்கள்" என்று அவர்களுக்குச் செய்தி போகலாம்.

நுவரெலியா: எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பது சரியா?

முன்பு சரி. இப்போது ஏஐ எழுதித் தருகிறது. நம் பெயர்ப்பலகைகளில் இருக்கும் தமிழைவிட மோசடிக்காரனின் தமிழ் சுத்தமாக இருக்கும் காலம் இது.

பண்டாரவளை: குவைத்தில் வேலை என்று கடிதத்தலைப்போடு பிடிஎஃப் வந்திருக்கிறது. விசாவுக்கு 45,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள்.

கட்டுவதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு அழைத்து, அந்த முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடிதத்தலைப்பை என் கடையிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

தலவாக்கலை: வங்கி என்று நினைத்து பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. மெயிலை அழித்துவிடவா?

அழிக்காதீங்க. வங்கிக்கு இந்த நிமிடமே அழையுங்கள், கார்ட்டின் பின்னால் அச்சிட்ட நம்பருக்கு. மெயிலில் உள்ள நம்பரை எடுத்துவிடாதீங்க. பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101இல் சொல்லலாம், பணம் போயிருந்தால் பொலிசில் முறைப்பாடும் வேண்டும். அங்கே காட்டுவதற்குத்தான் அந்த மெயில்.

வெட்கப்படவும் வேண்டாம். இந்தக் கடையை வைத்திருக்கும் நானே ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, "மெயில்பெட்டி நிரம்பிவிட்டது" என்று வந்ததை நம்பி பாஸ்வேர்ட் போட்டவன். காலையில் மாற்றிவிட்டேன், முடிந்தது என்று இருந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் கண்டேன், எனக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் கொப்பியும் யாருக்கோ தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஜிமெயில் செட்டிங்கில் "ஃபோர்வர்டிங்", "ஃபில்டர்" என்று இரண்டு இடம் இருக்கிறது. கம்பியூட்டரில் திறந்து இரண்டையும் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு நீக்குங்கள்.