நெட் ஓடுகிறது, லாகின் ஆகவில்லை: சின்ன ஆபீஸ் சர்வர் கேள்வி பதில்

விண்டோஸ் சர்வரில் டொமைன் (எல்லா சிஸ்டத்தின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்து நடத்தும் சின்ன ஆபீஸ்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கோளாறுதான். அதனால் முதல் பதில் நீளம். உங்கள் கேள்வி வேறாக இருந்தாலும் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்குப் பிரிவு: அண்ணா, 14 சிஸ்டம், ஒரு சர்வர் 2019. போன வாரம் இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றினோம், புது ரவுட்டர் வந்தது. அன்றிலிருந்து காலையில் லாகின் ஆகப் பத்து நிமிஷம் ஆகிறது. சிலதில் டொமைனே கிடைக்கவில்லை என்கிறது. நெட் மட்டும் நன்றாக ஓடுகிறது. சர்வரை மாற்றிவிடலாமா?

வேண்டாம் தம்பி, சர்வர் மேல் குற்றமே இல்லை. ஏதாவது ஒரு சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ அடியுங்கள். வருவதில் டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியை மட்டும் பாருங்கள். டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தருவது. அங்கே 192.168.1.1 என்று ரவுட்டரின் எண்ணோ, 8.8.8.8 என்று கூகுளின் டிஎன்எஸ் எண்ணோ இருந்தால் கோளாறு அதுதான்.

லாகின் செய்யும்போது சிஸ்டம் முதலில் “இந்த டொமைனுக்கு டொமைன் கன்ட்ரோலர், அதாவது லாகினைச் சரிபார்க்கும் சர்வர், யார்?” என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். அந்த விடை எஸ்ஆர்வி ரெக்கார்டாக (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவாக) உங்கள் சர்வரில் மட்டுமே இருக்கிறது. கூகுளிடம் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்றுதான் சொல்லும். ஊர் விலாசமெல்லாம் தெரிந்த தபால்காரரிடம் நம் வீட்டு அடுக்களையில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? அதற்குள் பையன் ஸ்கிரீனில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

புது ரவுட்டரில் டிஎச்சிபி (சிஸ்டங்களுக்கு ஐபி எண்ணையும் டிஎன்எஸ் எண்ணையும் கொடுக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதை அணைத்துவிட்டு, சர்வரிலேயே டிஎச்சிபி வையுங்கள். அதில் டிஎன்எஸ் இடத்தில் சர்வரின் ஐபி மட்டும். சர்வரின் சொந்த நெட்வொர்க் கார்டிலும் அதே ஐபிதான். 8.8.8.8 வர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சர்வரின் டிஎன்எஸ் மேனேஜரில் ஃபார்வர்டர்ஸ். வெளிப் பெயர்களைச் சர்வரே அங்கே கேட்டு வாங்கித் தரும். முடித்ததும் ஒவ்வொரு சிஸ்டத்தையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

“இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 இருக்கட்டுமே, சர்வர் படுத்தாலும் நெட் வருமே” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முதலாவது ஒரு நொடி தாமதித்தாலும் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிவிடும், உடனே திரும்பியும் வராது. திங்கட்கிழமை வரும், செவ்வாய்க்கிழமை காணாமல் போகும் கோளாறுகளில் முக்கால்வாசி இப்படிப் பிறந்தவைதான்.

அதே திருப்பூர் தம்பி, மறுநாள்: எல்லாம் செய்தேன் அண்ணா. சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் பழைய கதை.

மறுபடி அதே வரியைப் பாருங்கள். சர்வர் ஐபிக்கு மேலே எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான எண் இருக்கிறதா? ரவுட்டர் ஐபிவி6 (ஐபி எண்ணின் புதிய, நீளமான வகை) வழியாகத் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. டிஎச்சிபியை அணைத்தாலும் இது நிற்காது. ரவுட்டரின் லேன் பக்கத்தில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை அணையுங்கள். சர்வரில் ஐபிவி6 டிக்கை எடுக்கப் போகாதீர்கள், மைக்ரோசாஃப்ட்டே அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஈரோடு, ஆடிட்டர் அலுவலகம்: சார், நேற்று நீண்ட மின்வெட்டு, யூபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் அணைந்துவிட்டது. திரும்ப ஆன் செய்ததும் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டு சரிதான்.

சர்வரின் மணியைப் பாருங்கள், தேதியையும் சேர்த்து. டொமைன் லாகினுக்குப் பயன்படும் கெர்பரோஸ், இரு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் மறுத்துவிடும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருக்கலாம். மின்சாரம் போன நிமிடமே தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை விண்டோஸ் தானாகத் திருத்தாது. டொமைன் கன்ட்ரோலரில் இயல்பான வரம்பு 48 மணி நேரம். ஆகவே முதலில் கையால் சரிசெய்யுங்கள், பேட்டரியை மாற்றுங்கள், பிறகு சர்வரை வெளி நேர சர்வர் ஒன்றோடு இணையுங்கள். மற்ற சிஸ்டங்கள் சர்வரைப் பார்த்தே மணி வைத்துக்கொள்ளும்.

மதுரை, கிளினிக்: ஒரு சிஸ்டத்தில் மட்டும் ‘டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்’ போய்விட்டது என்று வருகிறது. டொமைனிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டுமா?

பழைய பேக்கப்பிலிருந்து அந்த சிஸ்டத்தை மீட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்டு உண்டு, 30 நாளுக்கு ஒருமுறை அது தானே மாற்றிக்கொள்ளும். பழைய நிலைக்குப் போனதும் சிஸ்டத்தில் இருக்கும் பாஸ்வேர்டும் டொமைனில் இருப்பதும் பொருந்தவில்லை. லோக்கல் அட்மினில் (அந்த சிஸ்டத்துக்கே உரிய அட்மின் கணக்கில்) நுழைந்து, பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்’ கட்டளையை ‘-ரிப்பேர்’, ‘-கிரெடென்ஷியல்’ இரண்டும் சேர்த்து ஓட்டி, டொமைன் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். எடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த சிஸ்டத்தில் முன்பு நுழைந்த டொமைன் அட்மின் கணக்கால் முயலுங்கள். பழைய லாகின் விவரம் அதிலேயே சேமிப்பில் இருக்கும். நுழைந்ததும் கேபிளை மறுபடி செருகி, அதே கட்டளையை ஓட்டுங்கள்.

சிவகாசி, அச்சகம்: எங்கள் வெப்சைட் வெளியே திறக்கிறது, ஆபீஸுக்குள் திறக்கவில்லை.

டொமைனுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். அதனால் அந்தப் பெயரை உங்கள் சர்வர் வெளியே கேட்காமல் தன்னிடமே தேடுகிறது. சர்வரின் டிஎன்எஸ்ஸில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்று ஒரு ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி எண் சொல்லும் பதிவு) சேர்த்து, வெப்சைட்டின் வெளி ஐபியைக் கொடுங்கள். ஹோஸ்டிங் மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.

கோவை, கட்டட நிறுவனம்: ஒரே சர்வர்தான் இருக்கிறது. அது போய்விட்டால்?

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் வைக்க முடிந்தால் வையுங்கள்; பழைய சிஸ்டத்தில் ஓடினாலும் போதும். முடியாவிட்டால் தினமும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டொமைன் விவரங்களும் சேர்ந்த பேக்கப்), சர்வருக்கு வெளியே ஒரு டிஸ்க்கில். 180 நாளுக்கு முந்தைய பேக்கப்பை வைத்து டொமைனை மீட்க முடியாது. மீட்கும்போது சர்வர் டிஎஸ்ஆர்எம் (டொமைனை மீட்பதற்கான தனி நிலை) பாஸ்வேர்டு கேட்கும், டொமைன் அமைத்த அன்று ஒரே ஒருமுறை கொடுத்தது. அமைத்தவரிடம் இன்றே கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘என்டிடிஎஸ்யூட்டில்’ என்ற கட்டளைக் கருவி மூலம் புதிதாக வைத்து, தாளில் எழுதி, பீரோவில் பூட்டிவிடுங்கள்.